ஈயம் வைத்த கை

"உள்ள தொறக்க வேணாம்பா" என்று ஆலிஸ் மூன்றாவது முறையாகச் சொன்னபோது டில்லிபாபு ஸ்க்ரூ டிரைவரை அந்தப் பழைய லேப்டாப்பின் பக்கத்தில் வைத்துவிட்டு ரமாபாயைப் பார்த்தான்.

"மேலயே தெரியுதே. சார்ஜர் பின்னு சொருகற ஓட்ட அகண்டு கீது பாரு. அந்த ஜெனிஷ் பையன் கீய போட்டு ஒடச்சிகிறான். அத்த மட்டும் எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க, போதும்."

கல்மண்டபத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையில் இருந்தது டில்லிபாபுவின் கடை. முன்பாதியில் லேப்டாப், செல்போன் ரிப்பேர். பின்பாதியில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, 'ரமாபாய் - துப்பறியும் நிலையம்' என்று ஒரு சின்ன போர்டு. ரமாபாய் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் சரக்குச் சேதாரம் பார்க்கும் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய பெட்டி கப்பலில் நசுங்கியதா, கிரேனில் நசுங்கியதா, லாரியில் நசுங்கியதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் உத்தியோகம். அவர் கையெழுத்தைக் கண்டு கப்பல்காரனும் லாரிக்காரனும் ஒரே அளவுக்குப் பயந்தார்கள். ஓய்வு பெற்றபிறகு பெட்டிகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்கிறார். டில்லிபாபு கடைக்கு முதலாளி, அவருக்கு உதவியாளன், வாயில் மட்டும் யாருக்கும் கட்டுப்படாதவன்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க, ஆலிஸ்" என்றார் ரமாபாய்.

ஆலிஸ் சொன்னார். மகன் ஜெரிக்கு இருபத்துமூன்று வயது. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. கிடைத்திருந்தால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். பாதியில் லேப்டாப் செத்தது. பழைய பெட்டி, பேட்டரி எப்போதோ போய்விட்டது, பின் வழியாகக் கரண்ட் வந்தால்தான் ஓடும். அந்தப் பின் ஆடியது. வேலை கைவிட்டுப் போனது. இரண்டு மாதம் கழித்து காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாம் நாள் எண்ணூர் ரோட்டில், பைக்கில் போகும்போது, கன்டெய்னர் லாரி.

லேப்டாப்பை மேஜையின் நடுவே நகர்த்தி வைத்தார்.

"அந்த வேல கெடச்சிருந்தா அவன் அந்த ரோட்டுக்கே போயிருக்க மாட்டான்" என்றார் பிறகு. "வெள்ளிக்கெயமை ஜெனிஷ் இத்த வாங்கினு போனான். என் தங்கச்சி பையன், மாடி வூடு. சனிக்கெயமை திருப்பிக் குடுத்தான். திங்கக்கெயமை செத்துச்சு. வேற யாரு? கேட்டா ஒரு வார்த்த இல்லன்னு சொன்னானா? தலையக் குனிஞ்சிகினு நிக்கறான். அதுவே சாட்சி இல்லியா?"

"இப்ப எதுக்கு எழுத்துல வேணும்?"

"நாளான்னிக்கு ஜெரிக்கு வருசப் பூசை. போஸ்டர் இன்னிக்கு சாய்ந்தரம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போவுது. வூட்டுக்காரரு ஜெனிஷ் பேரப் போடச் சொல்றாரு. போட மாட்டேன். ஏன் போடலன்னு தெருவே கேக்கும். காட்டறதுக்கு ஒரு பேப்பர் வேணும்."

டில்லிபாபுவுக்கு அந்தப் பேச்சின் கனம் புரிந்தது. அவன் தெருவிலும் அதே வழக்கம்தான். நினைவு நாள் போஸ்டரில் மேலே செத்தவர் படம், கீழே பந்துக்களின் பெயர், பெயருக்குப் பக்கத்தில் செய்யும் தொழில். கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். முதல் வருஷ போஸ்டரில் பெயர் விட்டுப்போனால் அந்த உறவு முடிந்தது, சுவர் சுவராக ஒட்டி ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

"தொறக்காம நான் எதுலயும் கையெழுத்து போட்டது இல்ல" என்றார் ரமாபாய். "டில்லி, கழட்டு."

டில்லிபாபு முதல் ஸ்க்ரூவில் கை வைத்தான். ஆலிஸ் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. உள்ள கருவாடு இல்ல" என்றான்.

அவர் சிரிக்கவில்லை. சாயந்திரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தார்.

ரமாபாய் அவர் போன திசையையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடியபடியே கையில் தூக்கி, நான்கு மூலைகளையும் விரலால் தடவினார்.

"நாலு மூலையும் சுத்தம். கீழ விழுந்த பெட்டி ஏதாவது ஒரு மூலையில காட்டிக் கொடுத்துடும். இது விழல. ஓட்டையைப் பாரு, ஒரு பக்கமா அகண்டிருக்கு. அவங்க வீட்டுல பிளக் பாயின்ட் இடது பக்கமா இருக்கும். வருஷக்கணக்கா ஒயர் அந்தப் பக்கமே இழுத்திருக்கு. இழுத்த சேதாரம் வேற, விழுந்த சேதாரம் வேற."

"ஒயருக்கு அந்த ஜெரி அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்துகினு ஓட்டிகிறான்" என்றான் டில்லிபாபு. "அடில தேய்ஞ்ச தடம் கீது. அப்ப ஜெனிஷ் பண்ல. கேஸ் முடிஞ்சுது. நாஷ்டா துன்னலாமா?"

"உள்ள பாருடா."

உள்ளே பார்த்தான். பார்த்தவன் நாஷ்டாவை மறந்தான்.

"யக்கா. இத்த ஏற்கெனவே யாரோ தொறந்துகிறாங்க. பின்னை போர்டோட சேத்து பத்த வெக்க கடுகத்தனை ஈயம் போதும். இங்க சுண்டக்கா சுண்டக்காயா வெச்சிகிறான். சுத்தி பச்சையா பூத்துகீது பாரு. ஆசிட்டு. நாங்கல்லாம் பேஸ்ட் வெச்சுத்தான் பத்த வெப்போம். ஆசிட் ஊத்தி பத்த வெக்கறது தகரம், பித்தளைன்னு கனமான சாமானுக்கு. இத்த செஞ்சவன் லேப்டாப் மெக்கானிக்கே இல்ல."

"ஒட்டியிருக்கா?"

"மேல கல்லு மாதிரி கெட்டியா நிக்குது. அடில போர்டு மேல செம்புப் பட்டை ஒண்ணு ஓடும், கரண்ட் அது வயியாத்தான் போவணும். பெரிய இரும்பு வெச்சு சுட்டதுல அது பேந்துபோச்சு. மிச்சத்த ஆசிட் துன்னுடுச்சு."

"எத்தனை நாள் ஓடியிருக்கும்?"

"மிஞ்சிப்போனா ஒரு நாளு."

ரமாபாய் லென்ஸை எடுத்தார். பின்னுக்கு அடியில், ஆடாமல் இருப்பதற்காக, ஒரு கறுப்பு ரப்பர் வளையம் பாதியாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைக் குறடால் எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். அடுத்து, டில்லிபாபு வரிசையாக வைத்திருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார்.

"ரெண்டு ஸ்க்ரூ மட்டும் வேற ஜாதி. நீளமா இருந்ததை வெட்டி, நுனியை அரம் போட்டு மழமழன்னு தேய்ச்சிருக்கு."

"போர்டுல குத்தக் கூடாதுன்னு."

"கெடுக்க வந்தவன் அரம் போடுவானாடா? இது யாரோ ஆசை ஆசையா செஞ்ச வேலை." வளையத்தைத் திருப்பினார். "இது லாரி ரேடியேட்டர் மூடியில இருக்கற வாஷர். அந்த அம்மா அரை மணி நேரம் பேசினாங்களே, வீட்டுக்காரர் என்ன தொழில்னு சொன்னாங்களா?"

டில்லிபாபு யோசித்தான். மகன், தங்கை, தங்கை மகன், கம்பெனி, போஸ்டர். புருஷன் தொழிலை மட்டும் சொல்லவில்லை.

ரமாபாய் செல்லை எடுத்து, ஆலிஸ் காலையில் அனுப்பியிருந்த போஸ்டர் மாதிரியைத் திறந்து காட்டினார். சிரிக்கும் ஒரு பையனின் படத்துக்குக் கீழே முதல் வரி: தந்தை ஸ்டானிஸ்லாஸ், ரேடியேட்டர் ஒர்க்ஸ், தண்டையார்பேட்டை.

"தோ, கையில வெச்சுகினே ஊரெல்லாம் தேடப் பாத்தோம்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தான் டில்லிபாபு.

துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் இடைவெளியில் புகுந்து புகுந்து போனார்கள். வழியெல்லாம் டில்லிபாபு கணக்குத் தீர்த்துக்கொண்டே வந்தான். அப்பனே மகன் வேலையைக் கெடுத்திருக்கிறான். கடையில் வந்து உட்காரட்டும் என்று ஆசிட்டை ஊற்றியிருக்கிறான். உலகத்தில் எப்படியெல்லாம் தகப்பன் இருக்கிறான் பார் என்று பின்னால் திரும்பிச் சொன்னான். ரமாபாய் முன்னால் பார்த்து ஓட்டச் சொன்னார்.

ஒர்க்ஷாப் வாசலில் இரண்டு செங்கல்மேல் ஒரு ரேடியேட்டரைச் சாய்த்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார் ஸ்டானிஸ்லாஸ். அறுபதை நெருங்கும் வயது. செம்பு மூக்கு வைத்த இரும்பை அடுப்பிலிருந்து எடுத்து ஆசிட்டில் தோய்த்தார். புகை எழுந்தது. அந்த நெடி டில்லிபாபுவின் தொண்டையைப் பிடித்தது.

"உங்க வீட்டம்மா ஜெரியோட லேப்டாப்பைக் கொண்டு வந்து கொடுத்தாங்க" என்று சொல்லி, ரமாபாய் அந்த வளையத்தை அவர் முன்னால் நீட்டினார்.

இப்போது முகம் வெளுக்கும் என்று டில்லிபாபு காத்திருந்தான். பெரியவர் இரும்பைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார். அவர் முகத்தில் வந்தது பயம் இல்லை, கூச்சம்.

"உள்ள தொறந்து பாத்துட்டீங்களா" என்றார். "ஆலிஸாண்ட சொல்லாதீங்க. ஞாயித்துக்கெயமை அம்மாவும் புள்ளையும் பூசைக்குப் போனாங்களா, அத்த இந்த மாதிரி லுங்கில சுத்தி இங்க எடுத்தாந்தேன். ரெண்டு மணி நேரத்துல முடிச்சு, இருந்த எடத்துலயே வெச்சிட்டேன்."

"பையன்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"எப்டி கேக்கறது? ஆறு மாசமா பேச்சே இல்ல. இந்தப் பொட்டி உனக்கு சோறு போடுமாடா, வந்து இரும்பப் புடிடான்னு ஒரு நாளு சொல்ட்டேன். அதோட நின்னுது. அவன் அட்டைய மடிச்சு மடிச்சு முட்டுக் குடுக்கறத தினம் பாப்பேன். ஒரு கை புடிச்சா சரியாப்பூடும்னு தோணும். வாய் வராது." கையில் இருந்த தழும்புகளைத் தடவிக்கொண்டார். "சாய்ந்தரம் வந்து சொருகினான். முட்டு இல்லாமயே எரிஞ்சுது. ஆட்டிப் பாத்தான், ஆடல. அவன் மூஞ்சிய பாக்கணுமே நீங்க. நான் வாசல்ல நின்னுகினு பாத்தேன்."

"மறுநாள்?" ரமாபாயின் குரல் மெதுவாக இருந்தது.

"மறுநாளு கரண்ட் பூட்ச்சி. நான் இங்க கீறேன். வூட்டுக்குப் போனா, கரண்ட் போச்சு, எல்லாம் போச்சுன்னான். அவன் நேரம். அப்பால அந்தப் பொட்டிய அவன் தொடவே இல்ல, பழசாயிடுச்சுன்னு தூக்கி வெச்சிட்டான். இவ இன்னாடான்னா ஜெனிஷப் போட்டு கரிச்சுக் கொட்டறா. அவன் இன்னா பண்ணான், பாவம். கரண்ட் போனதுக்கு."

டில்லிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதருக்குத் தெரியாது. தன் ஈயம் ஒரே நாளில் கைவிட்டது இவருக்குத் தெரியவே தெரியாது. வழியெல்லாம் பேசியதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தம்பி" என்று பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். "நீ அந்தத் தொயில்ல கீறவன். ஒயுங்கா சொல்லு. நான் வெச்ச ஈயப் பத்து எப்டி கீது? இன்னும் நிக்குதா?"

டில்லிபாபு ரமாபாயைப் பார்த்தான். ரமாபாய் ஏதோ ரேடியேட்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு மாதிரி நிக்குது நைனா" என்றான். "ஆடவே இல்ல."

பெரியவர் தலையாட்டினார். நிறைய நேரம் ஆட்டினார். "அது போதும்பா. ஒரே ஒரு கொறதான். நான்தான் செஞ்சேன்னு அவனுக்குத் தெரியாமலே பூட்டான். இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு இருந்துட்டேன்." கண்ணைத் துடைத்தார், ஆசிட் புகை என்று சொல்லிக்கொண்டார். "அது திரும்ப ஓடிச்சுன்னா நான் ஒரு வாட்டி வந்து பாக்கட்டா?"

"ஆறு மணிக்கு வாங்க" என்றார் ரமாபாய்.

ஸ்கூட்டரை எடுத்தபிறகு வெகுதூரம் டில்லிபாபு பேசவில்லை. அது ரமாபாய்க்கே தாங்கவில்லை.

"என்னடா, ரேடியேட்டர்ல தண்ணி தீர்ந்துபோச்சா?"

"வுடுக்கா" என்றான். "இப்ப எங்க?"

"காசிமேடு. ஒரு வருஷமா ஒருத்தன் மேல பழி. ஒரு தடவைகூட நான் போடலன்னு அவன் சொல்லல. தப்பு செஞ்சவனே பத்து தடவை இல்லன்னுவான். செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கிட்டிருக்கான்?"

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மண்வாரியால் ஐஸை அள்ளிக்கொண்டிருந்தான் ஜெனிஷ். முட்டி வரைக்கும் நனைந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கேள்விக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"ஆமாக்கா. நான்தான் கீய போட்டேன். எழுதிக்கோங்க."

"எங்க போட்ட, பஞ்சு மூட்டை மேலயா?" என்றார் ரமாபாய். "நாலு மூலையில ஒண்ணுகூட நசுங்கலயே. உள்ள ரேடியேட்டர் ஈயம் இருக்குடா. உங்க பெரியப்பாவைப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

ஜெனிஷ் மண்வாரியை ஐஸில் குத்தி நிறுத்தினான். "அவராண்ட சொல்ட்டீங்களா?" என்று முன்னால் வந்தான். அந்தக் கண்களில் இருந்த பயத்தை டில்லிபாபு தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

"சொல்லல. சொல்லவும் மாட்டோம்."

அவன் காலி மீன் பெட்டிமேல் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டு செல்லை எடுத்து, தேடாமலே ஒரு இடத்தைத் தொட்டு, நீட்டினான். போன வருஷத் தேதி. அந்தத் திங்கட்கிழமை, மதியம். பிரித்துப்போட்ட லேப்டாப்பின் படம், அதே சுண்டைக்காய் ஈயம். அதன் கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

செத்துப்போன பையனின் குரல் ஐஸ் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே சிரித்தபடி வந்தது.

"டேய் ஜெனிஷு, உள்ள தொறந்து பாத்தேன்டா. நைனா வேல. லாரிக்கு வெக்கிற ஈயத்த வெச்சிகிறாரு. அடில வாஷரு வேற. ஆறு மாசமா மூஞ்சி குடுத்து பேசல, ஆனா இன்னா வேல பாத்துகிறாரு பாரேன். இன்டர்வியூ பூட்ச்சு, பரவால்ல, வேற வரும். கரண்ட் போச்சுன்னு சொல்ட்டேன். அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா இரும்பையே தொட மாட்டாரு. நீ எதுனா ஒளறின, செத்தே."

ஜெனிஷ் செல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "தெனம் ஒரு வாட்டி கேப்பேன்" என்றான். "அவன் போனப்பறம் பெரிம்மா வந்து நீதான்டா போட்டன்னு சட்டையப் புடிச்சிது. இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேக்கும். அதான் ஒண்ணும் சொல்லல. என் பேருதானக்கா, போஸ்டர்ல இல்லன்னா போவுது."

டில்லிபாபு முகத்தைத் திருப்பிப் படகுகளை எண்ணினான். எத்தனை என்று மனதில் நிற்கவில்லை.

"அந்த மெசேஜை எனக்கு அனுப்பு" என்றார் ரமாபாய். ஜெனிஷ் மாட்டேன் என்று தலையாட்டினான். ரமாபாய் குனிந்து அவன் காதோரம் ஏதோ சொன்னார். இயந்திரம் போட்ட சத்தத்தில் டில்லிபாபுவுக்கு அது விழவில்லை. ஜெனிஷ் அவரை நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. கொஞ்சம் பொறுத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அனுப்பினான்.

"இன்னாக்கா சொன்ன அவனாண்ட?" என்று ஸ்கூட்டரில் மூன்று தரம் கேட்டான் டில்லிபாபு. ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னார் ரமாபாய்.

கடைக்கு வந்ததும் அவன் வேலையில் இறங்கினான். பழைய பின்னை ஈயத்தோடு மெதுவாக எடுத்தான். பச்சையைச் சுரண்டித் துடைத்தான். பேந்துபோன பட்டைக்குப் பதில் மெல்லிய ஒயர் ஓட்டி, புதுப் பின்னை வைத்து, கடுகளவு ஈயத்தில் நிறுத்தினான். அந்த வாஷரை மட்டும், அவசியமே இல்லாவிட்டாலும், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். அரம் போட்ட இரண்டு ஸ்க்ரூவையும் அதே ஓட்டையில் முறுக்கினான்.

ஐந்தரைக்கு ஆலிஸ் வந்தார். நின்றபடியே கேட்டார். "எழுதிட்டீங்களா? ஜெனிஷ்தானே?"

"உட்காருங்க" என்றார் ரமாபாய். "இவன் இன்னும் ஸ்க்ரூவையே கழட்டல, அதுக்குள்ள மூக்கைப் பொத்திக்கிட்டீங்க. ஏன்?"

ஆலிஸ் உட்காரவில்லை.

"உள்ள எந்த நெடியும் இல்ல. ஒரு வருஷத்துல ஆசிட் நெடி எங்க இருக்கும்? ஆனா போன வருஷம் இருந்திருக்கும், அந்த ஞாயித்துக்கிழமை. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

டில்லிபாபு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

ஆலிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "இருவத்தாறு வருசமா அந்த ஆளு சட்டைய தொவைக்கறேன்" என்றார். "பூசை முடிஞ்சு வந்து மேசைய தொடைச்சேன். லேப்டாப் கிட்ட அந்த வாசன. ஏதோ ஆசைல பண்ணிகிறாரு, போவட்டும்னு நானும் சிரிச்சுகினேன். மறுநாளு இன்டர்வியூல அது செத்தப்ப என் தலைக்கு மேல ஃபேன் ஓடிகினு இருந்துச்சு. கரண்ட் போச்சும்மான்னு புள்ள என் மூஞ்சியப் பாத்து சொல்றான். நானும் ஆமான்னேன்."

"அப்ப ஜெனிஷ்?"

"ஜெரி போனப்பறம் ராத்திரி பகல் தெரியல எனக்கு. ஒரு நாளு இவரு தானா பொலம்பறாரு, அன்னிக்கு மட்டும் கரண்ட் ஏன் போச்சு, ஏன் போச்சுன்னு. கரண்டு போவலன்னு எவனாவது சொல்லிட்டா? யோசிக்க ஆரம்பிச்சா கண்டுபுடிச்சிருவாரு. கண்டுபுடிச்சா அந்த ஆளு உசுரோட இருக்க மாட்டாரு. புள்ளையும் போயி அவரும் போயி நான் இன்னா செய்ய?" முந்தானையை வாயில் வைத்து அழுத்தினார். "யார் மேலயாச்சும் போடணும்ல. சின்னப் பையன், தாங்கிப்பான்னு நெனச்சேன். அவனும் இல்லன்னு சொல்லல. சொல்லாம இருக்க இருக்க, மெய்யாலுமே அவன்தானோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது. நீங்களும் கையெழுத்து போட்டுட்டா முழுசா நம்பிடலாம்னு வந்தேன்."

ரமாபாய் செல்லை மேஜைமேல் வைத்து, அந்த மெசேஜைத் தொட்டார்.

முதல் வார்த்தையிலேயே ஆலிஸ் எழுந்துவிட்டார். இரண்டு கையாலும் செல்லை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபிறகுதான் அது யாருடைய செல்லுக்கு வந்தது என்று கேட்டார்.

"ஜெனிஷுக்கு. அன்னிக்கு மதியமே" என்றார் ரமாபாய். "அவன் ஏன் இல்லன்னு சொல்லலேன்னு கேட்டீங்களே. இதான். உங்களுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்னு நான் அவன் காதுல சொன்னப்பறம்தான் இதை எனக்குக் குடுத்தான்."

ஆலிஸ் அழுதார். சத்தமாக, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். டில்லிபாபு போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் மூக்கைச் சிந்திவிட்டு அச்சகத்துக்குப் போன் போட்டார். "ஒரு பேரு விட்டுப்போச்சுப்பா. ஜெனிஷ். ஆமா, அப்பா அம்மாவுக்கு அப்பறம் மொதப் பேரா போடு. தம்பின்னு போடு." வைத்துவிட்டு, மேஜைமேல் கிடந்த பழைய பின்னைப் பார்த்தார். சுண்டைக்காய் ஈயமும் பச்சைப் பூப்பும் அப்படியே இருந்தன. அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸில் போட்டு மூடினார்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தயங்கி நின்றன. டில்லிபாபு தூக்கிவிட்டான். ஸ்டானிஸ்லாஸ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மனைவியை அங்கே எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போகப் பார்த்தார்.

"வா, குந்து" என்றார் ஆலிஸ்.

டில்லிபாபு ஒயரைச் சொருகினான். விளக்கு எரிந்தது. திரை வெளுத்து, நீலமாகி, ஜெரி வைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு கடல் படம் வந்தது. பெரியவர் பெருவிரலால் பின்னை மெல்ல ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"ஒரு வருசம் ஆச்சு. இன்னும் ஆடல" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"நீ வெச்சதாச்சே" என்றார் ஆலிஸ்.

பெரியவரின் விரல் நின்றது. "உனக்கு எப்டித் தெரியும்?"

"தெரியும்."

டில்லிபாபு ரமாபாயைப் பார்த்தான். ரமாபாய் எழுதாத வெள்ளைத் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புள்ளைக்கு?"

"அவனுக்கும் தெரியும். அவனே தொறந்து பாத்துகிறான்."

"பாத்தானா? ஒண்ணும் சொல்லலியே எங்கிட்ட."

ஆலிஸ் பர்ஸ் இருந்த இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சொல்லல" என்றார். "சிரிச்சான்."